ஓட்டுக்குக் கீழே இருக்கிற கணக்கு

போன தை மாதம் குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்துக்குத் தெற்கே இருக்கும் சித்தப்பா வீட்டுக்கு மூன்று பேர் வந்து கூரையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். முதலில் வந்தவர் ஆசாரி. ஏணி போட்டு ஏறி, நாலு ஓட்டை நகர்த்தி, ஓட்டைத் தாங்கிச் சரிவாக இறங்கும் சட்டங்களான கைமரங்களை உளியின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே போனார். இறங்கி வந்து, "ஓட்டுக்கு ஒரு கொறையும் இல்ல கேட்டியளா, மரந்தான் அங்கங்க போச்சு" என்றார். இரண்டாவது ஆள் தகரக் கூரை போடுகிறவர். அவர் ஏறவே இல்லை. சுவருக்கு வெளியே டேப்பைப் பிடித்து அளந்து, செல்போனில் பெருக்கி, பத்து நிமிடத்தில் தொகை சொன்னார். மூன்றாமவர் கட்டட கான்ட்ராக்டர். ஓட்டையும் மரத்தையும் இறக்கிவிட்டு கான்கிரீட் வார்ப்பு போட்டுவிடலாம் என்பது அவர் யோசனை. அவர் சொன்ன தொகை ஆசாரி சொன்னதைப்போல ஐந்து மடங்கு.

"ஒரே வீடு, ஒரே கூரை. தொகை மட்டும் எப்பிடிடே இப்பிடி மாறுது?" என்று சித்தப்பா என்னைக் கேட்டார். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. மூன்று பேரும் பார்த்தது மூன்று வெவ்வேறு வேலைகளை. 'கூரை மாற்றுதல்' என்று நாம் ஒற்றைச் சொல்லால் சொல்வதற்குள் ஓடு இருக்கிறது, மரம் இருக்கிறது, சுவர் இருக்கிறது, கூலியும் மழையும் இருக்கின்றன. கொஞ்சம் ஊர்ப் பெருமையும் உண்டு.

அளவிலிருந்தே தொடங்கலாம், முதல் சறுக்கல் அங்கேதான். 20 அடிக்கு 30 அடி வீடு என்றால் 600 சதுர அடி என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது தரையின் கணக்கு. கூரை சுவரோடு நிற்பதில்லை. நம் பக்கத்து மழைக்கு இறப்பு, அதாவது கூரையின் விளிம்பு, இரண்டு அடியாவது வெளியே நீள வேண்டும், இல்லாவிட்டால் சாரல் சுவரைத் தின்றுவிடும். நான்கு பக்கமும் இரண்டடி சேர்த்தால் 24 அடிக்கு 34 அடி, அதாவது 816 சதுர அடி. இன்னும் சரிவைச் சேர்க்கவில்லை. சரிவு 30 பாகை என்றால் அந்தப் பரப்பு ஏறத்தாழ 1.15 மடங்காகும்: 942 சதுர அடி. பழைய வீடுகளின் சரிவு இதைவிடச் செங்குத்து. 35 பாகை வந்தால் ஆயிரத்தைத் தொட்டுவிடும். 600 சதுர அடி வீட்டுக்கு ஆயிரம் சதுர அடிக் கூரை. 'சதுர அடிக்கு இவ்வளவு' என்று ஒருவர் சொன்னால், தரையை அளந்தா, சரிவோடு அளந்தா என்று முதலில் கேட்க வேண்டும். கேட்காமல் இரண்டு தொகைகளை ஒப்பிட்டால் பலாவையும் பனங்காயையும் ஒரே தராசில் வைத்த கதைதான்.

இனி ஓடு. எங்கள் பக்கம் பெரும்பாலும் மங்களூர் ஓடு. சுவிட்சர்லாந்தின் பேசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு 1865-இல் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையில் இருந்து அந்தப் பெயர் வந்தது. பிறகு கோழிக்கோடு, திருச்சூர், கொல்லம் என்று கேரளம் முழுக்க ஓட்டுத் தொழிற்சாலைகள் முளைத்தன. திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த எங்கள் தாலுகாக்களுக்கு ஓடு அங்கிருந்து வந்தது. 1956 நவம்பர் 1 அன்று நாங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த பிறகும் ஓடு வருகிற வழி மாறவில்லை. எங்கள் மாவட்டத்தில் இருந்தாலும் பத்மநாபபுரம் அரண்மனையை இன்றும் கேரள அரசுதான் பராமரிக்கிறது. அதன் மரக் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தால், கூரை என்பது அடிப்படையில் ஆசாரி வேலை என்பது விளங்கிவிடும்.

ஒரு சதுர மீட்டருக்கு 15, 16 மங்களூர் ஓடு வேண்டும். நூறு சதுர அடிக்கு 150 என்று வைத்துக்கொள்வது சுலபம். நம் 942 சதுர அடிக்கு 1,413 ஓடு, உடைவையும் சேர்த்தால் 1,550. இது தவிர, உச்சியில் கவிழ்க்கிற மோட்டோடு. இரண்டு சரிவுகள் உட்பக்கமாகச் சந்திக்கும் கூடுவாய் இருக்கிற வீடு என்றால் அங்கே தகடு தனியாகப் போட வேண்டும், ஓடுகளைச் சாய்வாக வெட்ட வேண்டும். வெட்டுகிற ஓட்டில் பாதி வீண். வீடு ஒழுகுகிறது என்று சொல்கிற பத்துப் பேரில் பலருக்கு ஒழுகுவது கூடுவாயில்தான். மூலைகள் அதிகமாக ஆக ஆகக் கூலியும் ஏறும். பரப்பு ஒன்றாகவே இருந்தாலும், நேராக இரண்டு சரிவு இறங்கும் கூரையும் நாலைந்து முகம் காட்டும் 'எலிவேஷன்' கூரையும் ஒரே செலவில் முடியாது.

ஓட்டின் விலை ஊருக்கு ஊர் மாறும், தரத்துக்குத் தரம் மாறும். கணக்கின் போக்கு தெரிவதற்காக ஓடு ஒன்றுக்கு 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1,550 ஓட்டுக்கு 77,500 ரூபாய். இப்போது மரத்துக்கு வருவோம். சரிவின் நீளம் பக்கத்துக்கு 14 அடி. இரண்டடிக்கு ஒரு கைமரம் என்றால் பக்கத்துக்கு 18, மொத்தம் 36. நாலங்குலத்துக்கு இரண்டங்குலச் சட்டமாக அறுத்தால் 28 கன அடி. ஓடு தொங்குகிற ரீப்பர், ஓட்டின் அளவுக்கு ஏற்ப ஓரடிக்குச் சற்று மேலான இடைவெளியில் வரிசையாக ஓடும். கூட்டினால் ஏறத்தாழ ஆயிரம் அடி நீளம். இரண்டங்குலத்துக்கு ஓரங்குல ரீப்பர் என்றால் 14 கன அடி. மோட்டுவளை, உத்திரம், சுவர்மேல் கிடக்கிற சட்டம் எதையும் சேர்க்காமலே 42 கன அடி மரம். கன அடி 2,000 ரூபாய் என்று வைத்தால்கூட 84,000. அறுப்புக் கூலி, இழைப்புக் கூலி, மருந்தடிப்பு எல்லாம் இதற்கு மேல்.

ஓட்டைவிட மரம் விலை கூடுதல் என்பதை இந்தக் கணக்குப் போடும்வரை நானும் நம்பவில்லை. எல்லோரும் ஓட்டு விலையை விசாரிக்கிறோம். கண்ணுக்குத் தெரிவது அதுதான், கடையில் விற்பதும் அதுதான். சித்தப்பாவுடைய ஆசாரி மட்டும் ஏணி போட்டு ஏறியதன் காரணம் இதுதான்.

மரம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கெடுவதில்லை. கைமரத்தின் நடுப்பகுதி காற்றோட்டத்தில் எண்பது வருடம்கூடக் கிடக்கும். கெடுவது இரண்டு முனைகளில். சுவரின் மேல் உட்காருகிற இடத்தில் ஈரமும் கறையானும் வரும். இறப்பின் நுனியில் மழைத்தண்ணீர் படும். அயனி, பலா, தேக்கு, முற்றிய பனை ஆகியவை தாங்கும். அந்தக் காலத்தில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் வெட்டிப் போட்ட சாய்ப்புகளில் மரத்தைத் துளைக்கும் உளு பிடித்து மாவாகக் கொட்டும். எனவே எல்லாக் கைமரத்தையும் மாற்ற வேண்டுமா, சிலவற்றின் முனையை மட்டும் வெட்டிப் புது மரம் இணைத்தால் போதுமா என்பதுதான் உண்மையான கேள்வி. தரையில் நின்றுகொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. டேப்பை மட்டும் பிடித்து அளந்தவர் சொன்ன தொகையில் இந்தக் கேள்வியே இல்லை.

பழைய ஓட்டை என்ன செய்வது? தண்ணீரில் போட்டுப் பாசியைத் தேய்த்துக் கழுவி, விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்றால் இன்னொரு தலைமுறைக்கு ஓடும். மந்தமாகச் சத்தம் வந்தால் உள்ளே கீறல், ஒதுக்கிவிட வேண்டியதுதான். வயலின் களிமண்ணுக்குக் கேரளத்தில் கட்டுப்பாடுகள் வந்து பல ஓட்டுத் தொழிற்சாலைகள் மூடிக்கிடப்பதால், பழைய ஓட்டுக்கு இப்போது தனி மதிப்பு. பழைய வீடு இடிக்கிற இடத்தில் ஓடு வாங்கிப்போக ஆள் வந்து நிற்கும். எடுத்த ஓட்டில் பாதி தேறினால் முன்சொன்ன 77,500-இல் பாதி மிச்சம். ஆனால் இறக்கி, கழுவி, பொறுக்கி, மீண்டும் ஏற்றும் கூலி உண்டு. அதை மறந்துவிட்டுத்தான் பலர் "பழைய ஓடுதானே, செலவில்ல" என்கிறார்கள்.

தகரத்துக்கு வருகிறேன். எடையைப் பாருங்கள். நம் கூரையில் 1,413 ஓடு, ஒன்று இரண்டரைக் கிலோ என்றால் மூன்றரை டன். மழையில் நனைந்து ஓடு குடிக்கிற தண்ணீர் இன்னும் அரை டன். அரை மில்லிமீட்டர் தகடு இதே பரப்புக்கு 400 கிலோ சுற்றிதான் வரும். அதனால் கீழே மரம் வேண்டாம், இரும்புச் சதுரக் குழாயை வெல்டிங் செய்து, தகட்டைத் தாங்கும் சட்டகமாக ட்ரஸ் நிறுத்திவிடலாம். வேலை ஒரு வாரத்தில் முடியும். எல்லையில் இருக்கும் களியக்காவிளை தாண்டிக் கேரளத்துப் பாறசாலைப் பக்கம் போனால், ஒழுகுகிற கான்கிரீட் வீட்டுக்கு மேலேயே இப்படி ஒரு தகரக் குடை நிற்பதை வீட்டுக்கு வீடு பார்க்கலாம். வார்ப்புக்கு மேல் கூரை! ஓட்டு வீட்டை இடித்து வார்ப்பு போட்டவர்கள் அதற்கு மேல் மறுபடியும் சரிவுக் கூரை போடுவதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பும் வரும், சித்தப்பாவின் மூன்றாவது கொட்டேஷனும் ஞாபகம் வரும்.

தகரத்தில் ஏமாறுகிற இடம் தடிமன். 0.50 என்று சொல்வது சில நேரம் இரும்பின் தடிமன், சில நேரம் மேலே இருக்கிற துத்தநாக, அலுமினியப் பூச்சும் பெயின்ட்டும் சேர்ந்த தடிமன். இரண்டும் ஒன்றல்ல. எந்தத் தடிமன் என்று பில்லில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். அடுத்தது பூச்சு. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் உப்புக்காற்று இரும்பை விடாது. உள்நாட்டில் மேல்புறம், அருமனை ஊர்கள் பக்கம் பத்து வருடம் ஓடுகிற சாதாரணத் தகடு கடலோரத்தில் அதற்குப் பாதி ஓடினால் பெரிது. அங்கே பூச்சின் கனத்தில் மிச்சம் பிடிக்கக் கூடாது. பெரும்பாலும் முதலில் துருப்பிடிப்பது தகடு அல்ல, ஸ்க்ரூ. ஸ்க்ரூவின் ரப்பர் வாஷர் வெயிலில் வெடித்தால் அந்த ஓட்டை வழியே தண்ணீர் இறங்கும். பிறகு காற்று. இலேசான கூரையைக் காற்று மேலே தூக்கப் பார்க்கும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்த பிறகு ரப்பர் மரத்தின் கிளையில் தகடு தொங்கியதை எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ட்ரஸ்ஸைச் சுவரோடு எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்பது தகட்டின் நிறத்தைவிட முக்கியம். கொட்டேஷனில் நிறம் எழுதியிருக்கும், அது எழுதியிருக்காது.

உச்சிவெயிலில் தகரத்துக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அடுத்த செலவு தெரியும்: சீலிங். அதையும் சேர்த்துத்தான் ஓட்டோடு ஒப்பிட வேண்டும். ஜூனில் தொடங்குகிற இடவப்பாதி மழை தகரத்தில் அடிக்கிற சத்தத்துக்கு விலை போட முடியாது.

கல்நார் தகடு, நாங்கள் ஆஸ்பெட்டாஸ் என்று சொல்வது, போட்ட கூரையாக இருந்தால் ஒரு எச்சரிக்கை மட்டும். கல்நார்த் தூசி புற்றுநோய் உண்டாக்கும் என்பது மருத்துவ உலகில் முடிந்துபோன விவாதம். சுத்தியலால் அடித்து உடைத்து இறக்கக் கூடாது. தண்ணீர் தெளித்து, போல்ட்டைக் கழற்றி, முழுசாக இறக்க வேண்டும். உடைந்த துண்டைக் கோழிக்கூட்டுக்குப் போடுகிற வழக்கத்தையும் விட வேண்டும்.

இனி மூன்றாவது தொகை, வார்ப்பு. 600 சதுர அடிக்கு ஐந்தங்குலக் கனம் என்றால் ஏறத்தாழ 7 கன மீட்டர் கான்கிரீட். சிமென்ட் 57 மூட்டை, கம்பி 600 கிலோ சுற்றி, அதற்கு மேல் ஜல்லி, எம்-சாண்ட், காயும்வரை தாங்கிப் பிடிக்கிற சென்ட்ரிங் தகடும் முட்டும், வார்க்கிற ஒரு நாளைக்கு ஒரு படையே ஆள். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டுக்கு ஜி.எஸ்.டி. 28-இல் இருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. வரிக்கு முந்தைய விலை மூட்டைக்கு 280 ரூபாய் என்றால் மூட்டைக்கு 28 ரூபாய் மிச்சம், 57 மூட்டைக்கு 1,596 ரூபாய். வரி குறைந்ததால் வீடு மலிந்துவிட்டது என்று விளம்பரங்கள் சொன்னபோது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அந்த மிச்சம், வார்க்கிற அன்று ஆட்களுக்குச் சாயாவும் சாப்பாடும் வாங்க ஆகும்.

வார்ப்பின் பெரிய செலவு சிமென்ட் அல்ல, கீழே நிற்கிற சுவர். அந்த 7 கன மீட்டர் கான்கிரீட்டின் எடை 17 டன்னுக்கு மேல். மூன்றரை டன் ஓட்டையும் கொஞ்சம் மரத்தையும் தாங்குவதற்காக, மண் சாந்தில் வைத்து எழுப்பிய சுவர் அது. பல வீடுகளில் வெட்டுக்கல், சில வீடுகளில் சுடாத மண்கட்டை, அடித்தளம் இரண்டடி ஆழம் இருந்தால் அதிகம். அந்தச் சுவர் இத்தனை எடையைத் தாங்காது. தாங்க வைக்க வேண்டுமென்றால் மூலைகளில் குழி தோண்டி, தூண் எழுப்பி, அவற்றை இணைக்கிற கான்கிரீட் பெல்ட் ஓட்டி, பிறகுதான் வார்ப்பு. கூரை மாற்றப் போனவர் வீட்டையே மாற்றியிருப்பார். ஐந்து மடங்குத் தொகையின் ரகசியம் இவ்வளவுதான். இதில் கான்ட்ராக்டர் நேர்மையானவர் என்றே சொல்வேன். தூணைச் சொல்லாமல் வார்ப்பு மட்டும் போட்டுத்தருகிறேன் என்று குறைந்த தொகை சொல்கிறவரைத்தான் அஞ்ச வேண்டும்.

நடுவழி ஒன்று உண்டு. திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், வார்ப்பின் அடிப்பாதியில் கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை, இழுவிசையைத் தாங்குவது கம்பிதான் என்பதைப் பிடித்துக்கொண்டு, அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓட்டையே அடுக்கி வார்த்தார். கான்கிரீட் குறையும், எடையும் குறையும், கீழே இருந்து பார்த்தால் ஓட்டின் செம்மையும் தெரியும். ஆனால் இதிலும் சுவரின் கேள்வி தீர்வதில்லை, சற்றுத் தணிகிறது.

இத்தனைக்கும் பிறகு ஏன் எல்லோரும் வார்ப்பை நோக்கியே ஓடுகிறார்கள்? திருவிதாங்கூரில் சாதி பார்த்து ஓடு வேய்வதைத் தடுத்த காலம் இருந்தது. ஓலைப்புரையில் இருக்க வேண்டியவர்கள் ஓலைப்புரையில்தான் இருக்க வேண்டும். அந்தத் தலைமுறையின் பேரன்களுக்கு ஓடு என்பது வெறும் சுட்ட மண் அல்ல, ஏறி வந்த ஒரு படி. அவர்களுடைய பேரன்களுக்கு அடுத்த படி வார்ப்பு. பெண் பார்க்க வருகிற தரகர் இன்றும் "வீடு ஓடா, வார்ப்பா?" என்று கேட்கிறார். அரசின் கணக்கும் அப்படியே: தமிழ்நாடு 2024-இல் அறிவித்த கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் 3.5 லட்சம் ரூபாய் உதவியில் கட்டும் 360 சதுர அடியில் 300 சதுர அடி கான்கிரீட் கூரையாக இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரள அரசின் லைஃப் வீட்டுத் திட்டத்தில் 4 லட்சம் தந்தார்கள். இரண்டுமே குடிசையில் இருப்பவரோ வீடில்லாதவரோ வீடு கட்டுவதற்கான உதவி. பரம்பரை ஓட்டு வீட்டில் நாலு கைமரம் மாற்றுகிறவர் இந்தக் கணக்குகளில் வரமாட்டார்.

கூலியில் எல்லை வேறு விதமாகத் தலையிடுகிறது. ரிசர்வ் வங்கியின் கையேட்டுப்படி 2022-23-இல் கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி கேரளத்தில் 852 ரூபாய், தமிழ்நாட்டில் 500 சுற்றி. விளவங்கோட்டு ஆசாரிக்குக் கேரளத்து நெய்யாற்றின்கரை பஸ்ஸில் போய்வருகிற தூரம்தான். அங்கே கிடைக்கிற கூலியை விட்டுவிட்டு இங்கே ஏன் நிற்பார்? அதனால் எங்கள் பக்கத்துக் கூலி மதுரையோடு ஒப்பிடத் தக்கதல்ல, அக்கரையைப் பார்த்துத்தான் நிற்கும். தெரிந்த ஆசாரி, பக்கத்து வீட்டு உறவு என்பதற்காகக் கொஞ்சம் குறைத்துக்கொள்வார், அவ்வளவே.

எல்லாவற்றுக்கும் மேல் மழை. ஜூனில் தொடங்குகிற தென்மேற்கு, அக்டோபரில் வருகிற வடகிழக்கு இரண்டுமே எங்களுக்கு உண்டு. சித்திரையில் இடிமழை வேறு. ஓட்டைப் பிரித்து வீட்டைத் திறந்து போடக்கூடிய காலம் தையில் இருந்து பங்குனி வரை மட்டும். ஊரெல்லாம் அந்த மூன்று மாதத்திலேயே ஆசாரியைத் தேடும். ஐப்பசியில் ஒழுகியதைப் பார்த்துத் தையில் ஆள் தேடினால் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியதுதான். மரத்தைக் கார்த்திகைக்கு முன்பே வாங்கி அறுத்து உலரப் போட்டவர்களுக்குப் பச்சை மரம் பிறகு முறுக்கிக்கொள்கிற தொல்லையும் இல்லை. தார்ப்பாய் வாடகை, கைமரத்தோடு ஓடுகிற பழைய ஒயரிங்கைக் கழற்றி மாட்டுவது, பத்துநாள் பண்டபாத்திரத்தோடு உறவினர் வீட்டில் தங்குவது என்று எந்தக் கொட்டேஷனிலும் இல்லாத செலவுகள் வேறு. மச்சில் பதினைந்து வருடமாக யாரும் பார்க்காத சாமான்களை இறக்கும்போது சித்தி போட்ட சத்தத்தை நான் செலவில் சேர்க்கவில்லை.

சித்தப்பா கடைசியில் ஆசாரியையே கூப்பிட்டார். மாசி முதல் வாரம் மேற்குச் சரிவின் ஓடுகள் முற்றத்தில் இறங்கின. நனைத்து, தேய்த்து, தட்டி, மூன்று குவியலாகப் பிரித்தார்கள். ஆசாரி ஒவ்வொரு கைமரமாக முனையில் உளியால் குத்திப் பார்த்து, மாற்ற வேண்டியதற்கு மட்டும் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார். இரண்டு சரிவும் சேர்த்து 36 கைமரத்தில் கோடு விழுந்தது பதினொன்றுக்கு.